துளைக்கு அருகில் நின்றவர்கள்

1999ஆம் ஆண்டு ஜனவரி 26. புது தில்லியின் கால்காஜி பகுதியில் என்.ஐ.ஐ.டி. நிறுவன அலுவலகத்துக்கும் அதை ஒட்டிய குடிசைப் பகுதிக்கும் நடுவே ஒரு மதில் நின்றது. அந்த மதிலில் துளையிட்டு, இணைய இணைப்புடன் கூடிய ஒரு கணினியின் திரை குடிசைப் பகுதியை நோக்கிப் பொருத்தப்பட்டது. அறிவிப்புப் பலகை இல்லை; பயிற்றுநர் இல்லை; பாடத்திட்டமும் இல்லை. நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த சுகதா மித்ரா செய்த இந்த ஏற்பாடு பின்னர் ‘சுவரில் ஒரு துளை’ என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. விகாஸ் ஸ்வரூப் தம் நாவலை எழுதுவதற்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. அந்த நாவலே பிறகு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்ற திரைப்படமாக வந்தது.

பொது இடங்களைக் கற்றலுக்கு உரியவையாக வடிவமைப்பது பற்றி இந்தியாவில் நடைபெறும் எந்த உரையாடலும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த மதிலுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. திரும்பி வருவதில் பிழையில்லை. அங்கிருந்து எந்தப் பாடத்தை எடுத்துச் செல்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ‘ஆசிரியர் தேவையில்லை’ என்பதே பெரும்பாலும் எடுத்துச் செல்லப்படும் பாடம். அந்த ஆய்வு வரிசையை முழுமையாகப் படிப்பவருக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது.

முதலில், அந்த மதிலருகே நிகழ்ந்தவற்றுக்கு உரிய மதிப்பை அளிக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள்ளாகவே பிள்ளைகள் திரையில் உலவக் கற்றுக்கொண்டனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆறு வயதுச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்த காட்சியை மித்ரா தம் உரைகளில் பலமுறை விவரித்திருக்கிறார். கணினிச் சொற்கள் எவையும் அறியாத பிள்ளைகள் தமக்கெனச் சொற்களை உருவாக்கிக்கொண்டனர். திரையில் நகரும் சுட்டி அவர்களுக்கு ‘சுயி’, அதாவது ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரச் சின்னம் ‘டம்ரு’, சிவன் கையிலுள்ள உடுக்கை. இடை சிறுத்து இருபுறமும் விரிந்த வடிவம் உடுக்கையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஒரு கருவிக்குத் தம் மொழியில் பெயரிடும் கூட்டம் அந்தக் கருவியைத் தனதாக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கற்றல் நடந்த விதம் அதைவிட முக்கியமானது. மித்ராவின் விவரிப்பின்படி, ஒரு பிள்ளை கணினியை இயக்கும். மூவர் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார்கள். அவர்களைச் சூழ்ந்து இன்னும் பதினைந்து, பதினாறு பேர் நின்று, பெரும்பாலும் தவறான யோசனைகளைச் சொல்வார்கள். பின்னர் சோதித்துப் பார்த்தால் இயக்கியவருக்கும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் தேர்ச்சியில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பார்ப்பதும் குறுக்கே பேசுவதும் தவறாக வழிகாட்டித் திருத்தப்படுவதும் கற்றலின் பகுதிகளே என்பது இதனால் புலப்படுகிறது. நாற்பது கணினிகளை வரிசையாக அடுக்கி, ஒரு கணினிக்கு ஒரு மாணவர் என்று அமர வைத்து, பேசக்கூடாது என்று விதிக்கும் கல்லூரி ஆய்வகங்கள் இந்த ஒரு செய்தியையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவிப் பற்றாக்குறை என்று தோன்றியது அங்கே கூட்டுக் கற்றலுக்குக் காரணமாக அமைந்தது.

அடுத்த ஆண்டுகளில் இந்த முயற்சி விரிந்தது. இந்தியாவின் பதினேழு இடங்களில் ஒன்பது மாதங்கள் பிள்ளைகளின் கணினி அறிவு அளவிடப்பட்டது. கம்போடியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் கணினி நிலையங்கள் எழுந்தன. வடிவமைப்பும் அனுபவத்தால் செம்மை பெற்றது. திரைகள் சிறுவர்களின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன; வெயிலும் தூசியும் தாக்காதிருக்கக் கவிகைகள் சேர்க்கப்பட்டன. திறந்தவெளியில் அனைவரின் பார்வையிலும் இருப்பதே நிலையத்தின் பாதுகாப்பு என்று கருதப்பட்டது. மூடிய அறைக்குள் பெண் குழந்தையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் தெருவில் எல்லோர் கண்முன்னும் இருக்கும் இடத்துக்கு அனுப்பக்கூடும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. இவை ஒவ்வொன்றும் நல்ல வடிவமைப்புச் சிந்தனைகளே.

ஆயினும் இதே காலத்தில் வேறு குறிப்புகளும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. தொழில்நுட்பத்தையும் சமூக உள்ளிணைப்பையும் ஆராயும் மார்க் வார்ஷாவர் 2003இல் வெளிவந்த தம் நூலைத் தில்லியிலிருந்தே தொடங்குகிறார். 2000ஆம் ஆண்டில் தில்லி அரசு ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து, நகரின் மிக வறிய குடிசைப் பகுதிகளுள் ஒன்றில் ஐந்து திரைகள் கொண்ட நிலையத்தை அமைத்திருந்தது. கணினிகள் ஒரு சிறு கூடத்தின் உள்ளே இருந்தன. திரைகள் மட்டும் சுவர்த் துளைகள் வழியே வெளியே தெரிந்தன. சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் மாற்றாகச் சிறு இயக்குகோல்களும் பொத்தான்களும் இருந்தன. அங்கே சென்று பார்த்தபோது இணையம் பெரும்பாலும் இயங்கவில்லை. இந்தியில் கற்றலுக்கான உள்ளடக்கம் இல்லை. பிள்ளைகள் இயக்குகோல்களைக் கையாளக் கற்றிருந்தனர். ஆனால் பொழுதின் பெரும்பகுதி படம் வரைவதிலும் விளையாட்டுகளிலும் கழிந்தது. நிலையத்தை நடத்துவதில் அப்பகுதி மக்களின் அமைப்பு எதுவும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. பெற்றோரில் சிலர் மகிழ்ந்தனர். சிலர் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு கெடுகிறது என்று வருந்தினர்.

வார்ஷாவரின் அவதானிப்புகளுள் கட்டட அமைப்பைப் பற்றிய ஒன்று வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. நிலையம் ஓர் அறையாக இல்லாமல் ஒரு சுவராக அமைந்ததால் மேற்பார்வைக்கும் கற்பித்தலுக்கும் கூடிச் செயல்படுவதற்கும் அது இடையூறாயிற்று என்கிறார் அவர். கூட்டுக் கற்றலின் அடையாளமாகப் புகழப்பட்ட அதே வடிவம் கூட்டுச் செயலுக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது. இரண்டு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். சுவரின் முன் கூட்டம் கூடலாம். கூட்டம் அமர முடியாது. எட்டிப் பார்க்கலாம், எழுதிவைக்க முடியாது. ஒரு வேலையை இன்று பாதியில் நிறுத்தி நாளை தொடர அங்கே இடமில்லை. சுவர் ஆர்வத்தைக் கிளப்ப வல்லது. அந்த ஆர்வம் நிலைத்து வளர்வதற்குச் சுவரைத் தவிர வேறு சிலவும் தேவைப்படுகின்றன.

பாயல் அரோராவின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. உத்தராகண்டின் அல்மோராவிலும் ஹவல்பாகிலும் நிறுவப்பட்டிருந்த நிலையங்களை அவர் தேடிச் சென்றபோது அவை செயலிழந்து போயிருந்தன. 2010இல் வெளியான அவருடைய கட்டுரை, இலவசமான, கட்டற்ற கற்றல் என்ற வாக்குறுதியையே கேள்விக்கு உட்படுத்தியது. தொடக்கவிழா நடந்த இடத்தில் சில ஆண்டுகளில் வெறும் துளைகள் எஞ்சுவது இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் உரிய விதியன்று. பூட்டிக் கிடக்கும் நூலகங்கள், நீரின்றிக் காய்ந்த அறிவியல் பூங்காக்கள், பொத்தானை அழுத்தினால் ஒளிராத அருங்காட்சியகப் பலகைகள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. பொது இடத்தின் வடிவமைப்பு திறப்பு நாளோடு நின்றுவிடும்போது அதன் முடிவும் அந்நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இனி காளிக்குப்பம். தமிழ் பேசும் இச்சிற்றூரில் நடந்த சோதனையே இந்த ஆய்வு வரிசையில் மிகுந்த கவனத்துக்கு உரியது. பெரும்பாலும் பாதி மட்டும் நினைவுகூரப்படுவதும் இதுவே. மித்ராவும் ரீத்து டங்வாலும் 2010இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘எல்லைகள்’ என்ற சொல் இருக்கிறது. தானாக ஒழுங்கமையும் கற்றல் எதுவரை செல்லும் என்பதை அறிவதே நோக்கம். தமிழ் மட்டுமே நன்கறிந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகளைத் துளைக் கணினியின் துணையோடு தாமே கற்க முடியுமா? முடியாது என்று நிறுவும் எண்ணத்தோடுதான் இந்தக் கேள்வியைத் தொடுத்ததாக மித்ரா பின்னர் கூறியிருக்கிறார்.

26 பிள்ளைகளை அழைத்து, இது கடினமானது, புரியாமல் போனாலும் வியப்பில்லை என்று சொல்லிவிட்டு அவர் அகன்றார். இரண்டு மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, தமக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பிள்ளைகள் முதலில் கூறினர். பிறகு ஒரு சிறுமி, டி.என்.ஏ. மூலக்கூறு சரியாகப் படியெடுக்கப்படாவிட்டால் மரபு நோய் உண்டாகும் என்பதற்கு மேல் தாம் எதையும் அறியவில்லை என்று விளக்கினாள். ஏறத்தாழச் சுழியத்தில் தொடங்கிய மதிப்பெண் முப்பது விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. அருகிலிருந்த அரசுப் பள்ளியில் இப்பாடத்தைப் பயின்ற மாணவர்களின் நிலைக்கு இது ஒப்பானது. உரைகளில் கைதட்டல் எழும் இடம் இது.

கதை அங்கே முடியவில்லை. முப்பது விழுக்காடு என்பது தேர்ச்சியன்று. அந்த ஊரில் பிள்ளைகளோடு கால்பந்து ஆடும் 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார், கணக்கர் பணியில் இருந்தவர், உயிரியல் அறியாதவர். பிள்ளைகளுக்குத் துணையிருக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. பாட்டிமார் செய்வதுபோல் பின்னால் நின்று, இதை எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, எனக்கும் சொல் என்று வியந்து கேட்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. மேலும் இரண்டு மாதங்கள் சென்றன. மதிப்பெண் ஐம்பதைத் தொட்டது. தகுதிபெற்ற ஆசிரியர்களிடம் ஆங்கிலத்திலேயே பயின்ற தில்லித் தனியார் பள்ளி மாணவர்களின் நிலையும் அதுவே.

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவில்தான் இந்தக் கட்டுரை எழுப்ப விரும்பும் வினா இருக்கிறது. சோதனைக்கு முன்னும் பின்னும் கணினி அதே கணினி, இணையம் அதே இணையம், பிள்ளைகளும் அவர்களே. புதிதாக வந்து சேர்ந்தவர் ஒருவரே. அவர் பாடம் நடத்தவில்லை. அக்கறையோடு உடன் இருந்தார்; கேட்டார்; நாளை வந்து மறுபடியும் கேட்பார் என்ற உறுதியைத் தந்தார். ஆசிரியர் இல்லாத இடத்தில் கற்றல் நிகழலாம் என்பதைக் காளிக்குப்பம் காட்டியது. எவருமே இல்லாத இடத்தில் அது ஓர் அளவுக்கு மேல் நகர்வதில்லை என்பதையும் அதே சோதனை காட்டியது. முதல் முடிவு மாநாட்டு மேடைகளுக்குச் சென்றது. இரண்டாவது முடிவு திட்ட மதிப்பீடுகளுக்குள் போதிய அளவு நுழையவில்லை.

காரணம் கண்டறியக் கடினமானதன்று. கணினியை ஒருமுறை வாங்கிவிடலாம். உடன் இருப்பவருக்கு மாதந்தோறும் ஊதியம் தர வேண்டும். கருவி முதலீட்டுக் கணக்கில் வரும். மனிதர் தொடர்செலவுக் கணக்கில் வருவார். முதலீட்டுக்கு நன்கொடையாளர் கிடைப்பர். தொடர்செலவுக்குக் கிடைப்பது அரிது. அதனால் ‘தானே கற்றல்’ என்ற அழகிய கருத்து, ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கான வசதியான நியாயமாகவும் மாறிவிடக்கூடும். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் கணினியும் பேசிப் பழகப் படித்த பெற்றோரும் இருக்க, வறிய வீட்டுப் பிள்ளைக்குச் சுவரும் துளையும் போதும் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? மித்ராவின் நோக்கம் அதுவன்று. 2013இல் டெட் அமைப்பின் பத்து லட்சம் டாலர் பரிசைப் பெற்று அவர் முன்னெடுத்த முயற்சியில், இணையவழியே பிள்ளைகளோடு உரையாடும் ‘பாட்டிமார்’ முக்கிய இடம் பெற்றனர். காளிக்குப்பத்தின் இரண்டாம் பாடத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

உடன் இருப்பவரையும் செலவையும் பொறுப்பையும் தொடக்கத்திலேயே திட்டத்துக்குள் வைத்த பொதுக் கற்றல் இடத்துக்கு இந்தியாவில் எடுத்துக்காட்டு உண்டா? கணினி தோன்றுவதற்கு முன்பே உண்டு. 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளர்கள் கூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினர். முன்னின்று நடத்தியவர் பி. என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர். மாநிலம் உருவான பின் கேரள கிரந்தசாலா சங்கமாக வளர்ந்த அவ்வியக்கம், எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருதைப் பெற்றது. ஊர்தோறும் எழுந்த வாசகசாலைகளை நூல்களின் கிடங்கு என்று எண்ணுவது தவறு. நாளிதழ்கள் மேசைமேல் விரிந்து கிடக்கும். ஒருவர் படித்ததை இன்னொருவர் மறுத்துப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்தி கேட்க வந்தமர்வார். கேரம் பலகையும் உண்டு, கலைக்குழுவும் உண்டு, மாலைநேரச் சொற்பொழிவும் உண்டு. எவரும் எவருக்கும் பாடம் விதிப்பதில்லை. இதைவிடத் தூய்மையான தன்விருப்பக் கற்றலுக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கட்டற்ற சூழலுக்கு அடியில் கட்டுக்கோப்பான ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாசகசாலைக்கு உறுப்பினர்கள் உண்டு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. கதவைத் திறக்கவும் கணக்கெழுதவும் பொறுப்பேற்றவர் உண்டு. 1989ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ்க் கட்டட வரியோடு சேர்த்து ஐந்து விழுக்காடு நூலக வரி தண்டப்படுகிறது. நூலகக் கவுன்சில் வழியாக மானியம் செல்கிறது. ஜன்னல் உடைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். சொல்லியும் பயனில்லையெனில் அடுத்த தேர்தலில் குழுவை மாற்றவும் தெரியும்.

வாசகசாலையையும் குறையற்றதாகக் காட்ட வேண்டியதில்லை. மாலை வேளைகளில் அது நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்துவந்தது. பெண்களையும் முதியவர்களையும் கருதி வீடுகளுக்கே நூல்களைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு பின்னர் தேவைப்பட்டதே அதற்குச் சான்று. கட்சிச் சார்பு பல இடங்களில் குழுக்களைப் பிளந்ததுண்டு. பொது இடம் என்று பெயரிட்டவுடன் ஓர் இடம் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதில்லை. தமிழகத்துத் திண்ணை தெருவை நோக்கித் திறந்துதான் இருந்தது. எனினும் யார் அமரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. தில்லி நிலையத்திலும் வலுத்த சிறுவன் இயக்குகோலைப் பிடித்துக்கொள்ள, மெலிந்த சிறுமி பின்வரிசைக்குத் தள்ளப்படும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. இயல்பாக ஒழுங்கமையும் கூட்டம் ஏற்கெனவே ஊரில் இருக்கும் ஒழுங்கையே முதலில் படியெடுக்கும். அதைக் கலைக்க யாரேனும் ஒருவர், இன்று நீ இயக்கு, நான் பார்க்கிறேன் என்று பின்வரிசைச் சிறுமியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, கற்றலுக்கான பொது இடங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவோரும் அவற்றுக்கு வரைபடம் தீட்டுவோரும் கருவி, ஒளி, நிழல், உயரம் ஆகியவற்றோடு இன்னும் சிலவற்றையும் வடிவமைப்பின் உறுப்புகளாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் திறப்பவர் யார்? அவருக்கு ஊதியம் தருபவர் யார்? பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்யப்படும், எந்தக் கணக்கிலிருந்து? உள்ளடக்கம் எந்த மொழியில் இருக்கிறது, அதை மாற்றும் உரிமை ஊராருக்கு உண்டா? அமர இடமும், அரைகுறையாக விட்ட வேலையை வைத்துச் செல்ல ஓர் அடுக்கும் உண்டா? இரண்டாம் ஆண்டில் அங்கே வரும் சிறுமிகள் எத்தனை பேர் என்று எண்ணுபவர் உண்டா? இவற்றுக்கு விடை எழுதாத வரைபடம் எவ்வளவு அழகாக இருப்பினும் முழுமையானதன்று.

ஆய்வு முறைக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. நிறுவிய ஒன்பதாம் மாதத்தில் எடுத்த அளவீடுகள் இதழ்களில் வெளிவருகின்றன. ஐந்தாம் ஆண்டில் அதே இடத்துக்குத் திரும்பிச் செல்வதற்கு நிதிநல்கை கிடைப்பதில்லை. திரும்பிச் சென்று வெறும் துளைகளைக் கண்டு எழுதுவோர் எண்ணிக்கையில் சிலரே. வெற்றியை அளந்தவர்களே தோல்வியையும் அளக்கும் வழக்கம் ஏற்பட்டால், அடுத்து எழுப்பப்படும் இடம் சற்று நீண்ட நாள் நிலைக்கும்.

கால்காஜிப் பிள்ளைகள் காத்திருப்புச் சின்னத்துக்கு உடுக்கை என்று பெயரிட்டபோது, கற்கும் திறன் எங்கும் நிறைந்திருக்கிறது என்பது ஐயமற விளங்கியது. அதன் பிறகு அந்தத் திறனை மெய்ப்பிக்க இன்னொரு சோதனை தேவையில்லை. காளிக்குப்பத்தில் கால்பந்து ஆடிவிட்டு வந்து, எனக்கும் சொல் என்று கேட்ட கணக்கரைப் போன்ற ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு நாற்காலியையும் மாத ஊதியத்தையும் திட்ட வரைவின் முதல் பக்கத்திலேயே ஒதுக்குவதுதான் இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது.